கப்பல் மாமியின் நாலு மணி நேரம்

மனோரஞ்சிதம் இதுவரை இருபத்தொன்பது தடவை கப்பல் ஏறியவள். வேலைக்கல்ல, ஊர் மாறவுமல்ல. உல்லாசமாகச் சுற்றிப் பார்க்க. மெல்பேர்னில் அவளுடைய முழுப்பெயரைச் சொன்னால் நாலு பேர் யோசிப்பார்கள். "கப்பல் மனோ" என்றால் வீட்டு வாசலிலேயே கொண்டுவந்து விடுவார்கள். முதியோர் இல்லத்தில் இருபத்திரண்டு வருடம் முறிந்து முறிந்து வேலை செய்துவிட்டு ஓய்வு பெற்றவள், அந்த ஓய்வைச் சோபாவில் சாய்ந்து செலவழிக்க மறுத்துவிட்டாள். கணவர் இருந்தபோது அவரோடு போனாள். அவர் கண்ணை மூடிய பிறகு தனியே போகிறாள்.

கப்பலுக்கென்று அவளிடம் சட்டங்கள் உண்டு. கப்பல் புறப்படும் ஊருக்கு ஒரு நாள் முன்னதாகவே போய்விட வேண்டும். மருந்தும் ஒரு மாற்று உடுப்பும் கைப்பையில் இருக்க வேண்டும், ஏனென்றால் பெரிய பெட்டி அறைக்கு வந்து சேரப் பொழுது பட்டுவிடும். எல்லாவற்றுக்கும் மேலான சட்டம் ஒன்று இருக்கிறது. துறைமுகத்திலிருந்து தூரத்து ஊருக்குத் தன்பாட்டில் போகவே கூடாது. கப்பல்காரர் ஒழுங்குசெய்த பேருந்தில் போனால், பேருந்து பிந்தினாலும் கப்பல் நிற்கும். தன்பாட்டில் போனவருக்கு நிற்காது. ஏணிப் பாலத்தை இழுத்துக்கொண்டு போயே விடும். அப்படி விட்டுப்போன கப்பலை நோக்கிக் கையில் ஐஸ்கிரீமோடு ஓடிவந்த ஒரு கணவன் மனைவியைப் பார்த்து, மேல்தட்டில் நின்று மற்றவர்களோடு சேர்ந்து கைதட்டிய பாவமும் அவளுக்கு உண்டு.

அப்படிப்பட்டவள்தான் அந்தச் செப்டம்பர் திங்கட்கிழமை காலை, லா ஹாவ்ர் துறைமுகத்தில் முதல் ஆளாக இறங்கி, ஒற்றைக் கைப்பையுடன் பாரிஸ் ரயிலில் ஏறிக் குந்தியிருந்தாள். போக இரண்டு மணி நேரத்துக்கு மேல். வரவும் அதே. மாலை ஏழரைக்கு எல்லாரும் கப்பலில் நிற்க வேண்டும். கூட்டிக் கழித்துப் பார்த்தால் பாரிஸில் நாலு மணி நேரம் மிச்சம். அந்த நாலு மணி நேரத்துக்குள், பதினொரு வருடமாகத் தன்னோடு கதைக்காத தம்பியைக் கதைக்கவைக்க வேண்டும்.

தம்பி குணசேகரம் பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கிறான். 2013 ஆவணியில் அவனுடைய ஒரே மகள் லக்சனாவுக்குச் சாமத்தியவீடு, பூப்பு நீராட்டு விழா. முறைப்படி மாமிதான் பிள்ளைக்குத் தண்ணீர் வார்த்து, ஆராத்தி எடுக்க வேண்டும். மாமி என்று சொல்ல உலகத்தில் இருந்தது மனோரஞ்சிதம் ஒருத்திதான். குணசேகரம் அவளுடைய வசதியைக் கேட்டு நாளை ஒருதடவை மாற்றவும் செய்தான். மாற்றிய நாளிலும் அவள் போகவில்லை. "கப்பல் புக் பண்ணிப்போட்டன் தம்பி. மாத்த ஏலாது எண்டு கொம்பனிக்காரர் சொல்லிப்போட்டினம்" என்று தொலைபேசியில் சொன்னாள். "சரி அக்கா. நீங்கள் கப்பலிலை போங்கோ" என்று வைத்தவன்தான். அதற்குப் பிறகு அவன் வாயிலிருந்து அவளுக்கு ஒரு சொல் வரவில்லை. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அவன் மனைவி யோகமலர்தான் எடுப்பாள். பின்னால் அவன் செருமுகிற சத்தம் மட்டும் கேட்கும்.

அவன் கோபத்தில் நியாயம் இல்லையென்று மனோரஞ்சிதம் ஒருநாளும் சொன்னதில்லை. உண்மையில் நியாயம் அவன் நினைத்ததைவிடக் கூடுதலாகவே அவன் பக்கம் இருந்தது. கொம்பனிக்காரர் ஏலாது என்று சொல்லவே இல்லை. அவள் அவர்களைக் கேட்கவும் இல்லை.

அப்போது கணவர் இறந்து ஒன்றரை வருடம். மெல்பேர்னில் தெரிந்தவர் வீட்டு விசேஷம் ஒன்றில், பழக்கதோஷத்தில் ஆராத்தித் தட்டைத் தூக்கப் போனாள். ஒரு கை வந்து தட்டை மெல்ல வாங்கியது. "நீங்கள் இருங்கோ அக்கா, நாங்கள் செய்யிறம்." மிகவும் அன்பான குரல். அந்த அன்பைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. வேற்றார் கை வாங்கினதே இப்படி வலித்தால், தம்பி வீட்டில் தம்பி மனைவியின் கை வாங்கினால்? அல்லது தம்பியே முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு வேறு யாரையாவது கூப்பிட்டால்? அதைப் பார்ப்பதைவிடப் பசுபிக் தீவு ஒன்றைப் பார்ப்பது மேல் என்று கப்பலில் ஏறிவிட்டாள். பார்த்த தீவின் பெயர்கூட இப்போது ஞாபகமில்லை.

இந்தத் தடவைக் கப்பலை அவள் தேர்ந்தெடுத்ததே, அது நிற்கும் துறைமுகங்களின் வரிசையில் லா ஹாவ்ர் என்ற பெயர் இருந்ததால்தான். ஆனால் யோகமலருக்குச் சொன்னது வேறு. "கப்பல் அங்கை ஒரு நாள் நிக்குதாம் மச்சாள். சும்மா நிக்கிற நேரத்துக்கு ஒருக்கா எட்டிப் பாத்திட்டுப் போவம் எண்டு." தானாக ஆசைப்பட்டு வருவதாக யாரும் நினைத்துவிடக் கூடாது பாருங்கள். பாதி உலகத்தைச் சுற்றி வந்தாலும் வீம்பு ஒரு அங்குலம் குறையாத குடும்பம் அது.

செயின்ட் லசாரில் இறங்கி, பன்னிரண்டாம் இலக்க மெத்ரோ ரயிலில் ஏறி, மார்க்ஸ் டோர்மோய் நிலையத்தில் படியேறி வெளியே வந்தபோது மணி பத்தே முக்கால். படியின் தலைப்பில் யோகமலர் நின்றாள். உருண்டையான, எப்போதும் மூச்சு வாங்குகிற, எதையும் மனதில் வைத்துக்கொள்ளத் தெரியாத மனுஷி. கட்டிப்பிடித்தாள், அழுதாள், கண்ணைத் துடைத்தாள், கைப்பையைப் பார்த்தாள்.

"இவ்வளவும்தானோ மச்சாள்? பெட்டி எங்கை?"

"பெட்டி கப்பலிலை. பின்னேரம் மூண்டு மணிக்கு நான் வெளிக்கிட வேணும்."

"என்ன விசர்க்கதை! ஒரு நாள் நிக்குது எண்டு சொன்னனீங்கள். நான் கட்டில் விரிச்சு, நாளைக்குப் புட்டுக்கு மாவும் வறுத்து வைச்சிருக்கிறன்."

"கப்பல் ஒரு நாள் நிக்கிறதெண்டா காலமை வந்து பின்னேரம் போறது மச்சாள்."

"அதென்ன, கோழிக்குஞ்சு வித்திட்டுப் போற மாதிரி!" என்றாள் யோகமலர். அவளுக்கு இது பெரிய ஏமாற்றமாகப் போய்விட்டது. ஆனால் இரண்டு கடை தாண்டுவதற்குள் மறந்துவிட்டு, கறிக்கு எந்தக் கடை ஆட்டிறைச்சி வாங்கினாள் என்று சொல்ல ஆரம்பித்தாள்.

திங்கட்கிழமையில் குணசேகரத்தின் கடைக்கு விடுமுறை. பாதி இறக்கிய தகரக் கதவுக்குக் கீழே குனிந்து உள்ளே போன மனோரஞ்சிதம் அப்படியே நின்றுவிட்டாள். பத்து மேசையும் நிறைந்திருந்தது. இருபது இருபத்திரண்டு பேர், ஏதோ கூட்டத்துக்கு வந்தவர்கள் மாதிரி, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒன்றிரண்டு பேரிடம் கொப்பியும் பேனையும் இருந்தது.

விஷயம் இதுதான். லாச்சப்பல் கடைக்காரரும் அவர்களுடைய சொந்தபந்தமுமாகச் சேர்ந்து, அடுத்த கோடைக்கு மார்செய் துறைமுகத்திலிருந்து ஒரு வாரக் கப்பல் பயணம் போவதென்று தீர்மானித்திருந்தார்கள். அவர்களில் ஒருவருக்கும் இப்படிக் கப்பலில் போன அனுபவம் கிடையாது. அக்கா வாறா என்று கேள்விப்பட்ட குணசேகரம், எல்லாரையும் கூப்பிட்டு உட்காரவைத்துவிட்டான்.

அவன் மட்டும் உட்காரவில்லை. கடையின் பின்பக்கம், பரிமாறுகிற மேடைக்கு அப்பால், அடுப்படியில் நின்று இறைச்சிக் கறியைக் கிளறிக்கொண்டிருந்தான். தலை முழுவதும் நரைத்துவிட்டது. அப்பாவின் நெற்றி அப்படியே வந்திருந்தது.

"வாங்கோ" என்றான். ஒற்றைச் சொல். பிறகு அகப்பையைத் தூக்கி மண்டபத்தைக் காட்டிச் சத்தமாகச் சொன்னான்: "இவதான் என்ரை அக்கா. இருபத்தொன்பது தரம் போனவ. கேக்கிறதையெல்லாம் இப்பவே கேளுங்கோ. நேரம் இல்லையாம்."

சொல்லிவிட்டுச் சட்டிப் பக்கம் திரும்பிவிட்டான். எங்கே அவளோடு தனியாக நிற்க வேண்டி வந்துவிடுமோ என்று, இருபத்திரண்டு பேரைக் கொண்டு அவன் ஒரு வேலி கட்டியிருக்கிறான் என்பது அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. கெட்டிக்காரன். சின்ன வயதிலும் அப்படித்தான். பிழை செய்துவிட்டால் அயல் வீட்டுப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டுதான் வீட்டுக்குள் வருவான். இப்போது பிழை செய்தது அவள் என்பதுதான் வித்தியாசம்.

முதல் கேள்வியைக் கேட்டவர் வரதராசா. புடவைக்கடை வைத்திருப்பவர், எழுபது வயது, வயிற்றைத் தவிர வேறு கவலை இல்லாதவர். "தங்கச்சி, சாப்பாடு எப்பிடி? உறைப்புப் புளிப்பு இருக்குமோ, இல்லாட்டி ஆஸ்பத்திரிச் சாப்பாடோ?"

"முதல் நாள் இரவே, உங்கடை மேசைக்குப் பொறுப்பான ஆளைப் பிடிச்சு எனக்கு உறைப்பு வேணும் எண்டு சொல்லிப்போடுங்கோ அண்ணை. சமையலறையிலை எங்கடை பக்கத்து ஆக்கள் நிறைய நிப்பினம். தங்களுக்கு வைக்கிற கறியிலை ஒரு கோப்பை கொண்டுவந்து தருவினம்."

"அதுக்குக் காசு?"

"ஒரு சதமும் இல்லை. ஆனா முதல் நாளே சொல்ல வேணும். கடைசி நாள் சொல்லி வேலையில்லை."

வரதராசாவின் முகம் மலர்ந்துபோனது. அவரைப் பொறுத்தவரை கப்பல் அப்போதே புறப்பட்டுவிட்டது. அடுத்து பாரிஸின் புறநகரான ஸ்தேனிலிருந்து வந்திருந்த ஒரு பெண் கையைத் தூக்கினாள். "அக்கா, ஒரு சின்ன றைஸ் குக்கர் கொண்டுபோகலாமோ? இவருக்குச் சோறு இல்லாட்டி நித்திரை வராது."

"தாராளமாக் கொண்டுபோங்கோ. வாசலிலை பறிச்சு வைச்சிட்டுக் கடைசி நாள் திருப்பித் தருவாங்கள்." எல்லாரும் சிரித்தார்கள். "நெருப்பும் சூடும் வாற ஒண்டையும் உள்ளுக்கு விடமாட்டாங்கள். கேத்தில், அயன் பெட்டி, மெழுகுதிரி, சாம்பிராணி, ஒண்டும் ஏலாது."

"அப்ப சாமிக்கு விளக்கு?"

"பற்றரியிலை எரியிறது ஒண்டு வாங்குங்கோ. ஒரு கிழமைக்கு முருகன் கோவிக்கமாட்டார்."

இப்படியே போனது. தலைச்சுற்று வராமலிருக்க நடுக்கப்பலில், கீழ்த்தட்டில் அறை எடுக்கச் சொன்னாள். முன்பக்கத்து மேல்தட்டில் எடுத்தால் அறை ஊஞ்சல் ஆடும். அறை எடுக்குமுன் கப்பலின் படத்தைப் பார்க்கச் சொன்னாள். நடன மண்டபத்துக்கு நேர் கீழே படுத்தால் விடியவிடியத் தலைமேல் குதிப்பார்கள். சுவரெல்லாம் இரும்பு, நாலு காந்தக் கொளுவி கொண்டுபோனால் ஈரத் துவாயும் தொப்பியும் தொங்கப்போடலாம். சேலை கட்ட ஆசையென்றால் ஒரு சேலை போதும். ஒன்பது சேலை கொண்டுபோனால் அறையில் நீங்கள் நிற்க இடம் இருக்காது. ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அவளுக்கே உற்சாகம் ஏறிவிட்டது. தெரிந்த விஷயத்தைச் சொல்லக் கேட்க ஆள் இருந்தால் யாருக்குத்தான் ஏறாது? நேரம் பன்னிரண்டரை என்பதைச் சுவர் மணிக்கூட்டில் கண்டபோது திடுக்கிட்டாள்.

எழுந்து அடுப்படிப் பக்கம் போனாள். "தம்பி..."

"உப்புக் காணுமோ எண்டு யோகத்தைக் கேக்க வேணும்" என்று குணசேகரம் சட்டியிடம் சொல்லிவிட்டு, அந்தப் பக்கத்துக் கதவால் வெளியே போனான். அதற்குள் இரண்டு பேர் வந்து, அறையில் மூன்று கட்டில் இருக்குமா என்று அவளை இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஒரு மணிக்கு மறுபடி முயன்றாள். இடியப்பத் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தவன், தட்டையெல்லாம் அவள் கையிலேயே தந்து பரிமாறச் சொல்லிச் சைகை காட்டினான். பதினொரு வருடத்துக்குப் பிறகு தம்பி வீட்டில் அவளுக்குக் கிடைத்த மரியாதை, பரிமாறுகிற வேலை. என்றாலும் அவள் சந்தோஷமாகத்தான் பரிமாறினாள். வேற்றாளிடம் யாரும் தட்டைத் தூக்கித் தரமாட்டார்கள் அல்லவா?

லக்சனாவை அப்போதுதான் சரியாகப் பார்த்தாள். இருபத்து மூன்று வயது. ஒரு அலுவலகத்தில் வேலை. மதியத்துக்கு மட்டும் லீவு போட்டு வந்திருந்தாள். "மாமி" என்று வந்து இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டாள். தகப்பன் ஏதோ கேட்டதற்குப் பிரெஞ்சில் பதில் சொல்லிவிட்டு, மாமியிடம் மட்டும் சொல் சொல்லாகத் தேடித் தமிழில் கதைத்தாள். இந்தப் பிள்ளையின் தலையில் தண்ணீர் வார்த்திருக்க வேண்டிய கை இது என்று மனோரஞ்சிதம் தன் கையையே பார்த்துக்கொண்டாள்.

சாப்பாடு முடிந்ததும் கேள்விகள் இன்னும் பலமாக வந்தன. பாண்டிச்சேரிக்காரி ரோசாலி, தபால் நிலையத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவள், கழுத்தில் மெல்லிய சிலுவைச் சங்கிலி போட்டவள், காலையிலிருந்து ஒரு வரி விடாமல் எழுதிக்கொண்டிருந்தாள். "மதாம், நான் தனி ஆளு. ரெத்ரெத் வாங்கி ரெண்டு வருஷமாச்சு. தனியா ஒரு அறை கேட்டா ரெண்டு பேர் காசு கேக்கிறாங்களே, இது என்ன நியாயம்?"

"நியாயம் இல்லைதான். சில கப்பலிலை தனி ஆளுக்கெண்டு சின்ன அறை இருக்கு. கெதியா முடிஞ்சுபோம். ஒரு வருசத்துக்கு முதலே கேட்டு வையுங்கோ."

ரோசாலி எழுதிக்கொண்டாள். பிறகு பேனையை வைத்துவிட்டுக் கேட்டாள்: "தனியா உக்காந்து சாப்பிடறது கஷ்டமா இல்லையா?"

இருபத்தொன்பது பயணத்தில் ஒருவரும் கேட்காத கேள்வி அது. "முதல் மூண்டு நாள் கஷ்டம்" என்றாள் மனோரஞ்சிதம். "முன்னுக்கு இருக்கிற கதிரையைப் பாக்கக் கூடாது. பிறகு எட்டுப் பேர் இருக்கிற பெரிய மேசை கேக்க வேணும். எட்டுப் பேர் இருந்தா, ஒராளாவது நல்ல கதை கதைக்கிற ஆளாக இருக்கும்."

அடுப்படியில் பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது. குணசேகரம் கையைத் துடைத்துக்கொண்டு மேடைக்கு வந்து, அதன்மேல் இரண்டு முழங்கையையும் ஊன்றினான். மணி இரண்டு இருபது.

"என்னட்டையும் ஒரு கேள்வி இருக்கு" என்றான்.

எல்லாரும் திரும்பினார்கள். அவன் அவளைப் பார்க்கவில்லை. மேடையில் இருந்த உப்புப் போத்தலைப் பார்த்துக்கொண்டு கேட்டான்.

"கப்பல் புக் பண்ணியாச்சு. பிறகு வீட்டிலை ஒரு விசேசம் வருது. நாளை மாத்த ஏலுமோ, ஏலாதோ?"

"அச்சாக் கேள்வி!" என்றார் வரதராசா. "எங்கடை ஆக்களுக்கு வருசம் முழுக்க விசேசம்தானே." ரோசாலி கொப்பியில் புதுப் பக்கம் திருப்பினாள். யோகமலர் மட்டும் கையிலிருந்த தேத்தண்ணித் தட்டத்தை அருகிலிருந்த மேசையில் சத்தமில்லாமல் வைத்தாள்.

மனோரஞ்சிதமும் அந்த உப்புப் போத்தலையே பார்த்தாள். 'அது கொம்பனியைப் பொறுத்தது' என்று சொல்லிவிட்டால் போதும். பாதி உண்மையும்கூட. எல்லாரும் தலையாட்டுவார்கள். அவனும் சரி என்பான். மூன்று மணிக்கு மெத்ரோ ஏறிவிடலாம். இன்னொரு பதினொரு வருடம் அவன் செருமுவதைக் கேட்டுக்கொண்டு இருக்கலாம். தனியாக ஒரு மூலையில் சொல்லத்தான் அவள் இவ்வளவு தூரம் வந்தாள். அவன் ஊர் முழுவதையும் கூட்டிவைத்துக்கொண்டு கேட்கிறான். சரி, ஊர் கேட்கட்டும்.

"ஏலும்" என்றாள். "கடைசிப் பணம் கட்டுறதுக்கு முதல் எண்டா ஒரு ஃபோனிலை மாத்தலாம். பிந்தினாலும் கேட்டுப் பாக்கலாம். கொஞ்சம் நட்டம் வரும், அவ்வளவுதான். அண்டைக்கும் ஏலுமாத்தான் இருந்தது தம்பி. நான் கேக்கேல்லை. கேட்டனான் எண்டு உனக்குச் சொன்னது பொய்."

ரோசாலியின் பேனை நின்றுவிட்டது. குணசேகரம் நிமிர்ந்தான். அன்று முதல் தடவையாக அக்காவை நேருக்கு நேர் பார்த்தான்.

"ஏன்?"

"இவர் போனாப் பிறகு ஒரு வீட்டிலை ஆராத்தித் தட்டை என்ரை கையிலையிருந்து வாங்கினவை. 'நீங்கள் இருங்கோ' எண்டு. உன்ரை வீட்டிலையும் அப்பிடி ஆராவது வாங்கினா நான் உடைஞ்சு போயிருப்பன் தம்பி. அதுதான் வரேல்லை. பயத்திலை பொய் சொன்னனான். பிள்ளையை விட எனக்குக் கப்பல் பெரிசில்லை. எந்தக் கப்பலும் பெரிசில்லை."

வெளியே ஒரு பேருந்து ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது. குணசேகரம் மேடையைச் சுற்றிக்கொண்டு வந்தான். காலையிலிருந்து அந்த மேடையைத் தாண்டி இந்தப் பக்கம் வராதவன், மேசைகளுக்கு நடுவால் வந்து அவள் முன்னால் நின்றான். கண் சிவந்திருந்தது. குரலில் கோபம்தான் இருந்தது.

"ஆர் சொன்னது நான் தட்டை வாங்குவன் எண்டு? என்னை அப்பிடியோ நினைச்சனீங்கள்? நாளை மாத்தினது ஆருக்காக? நீங்கள்தான் வார்க்க வேணும் எண்டுதானே மாத்தினனான்! கடைசியிலை யோகத்தின்ரை ஒண்டுவிட்ட தமக்கையைப் பிடிச்சு வார்ப்பிச்சம். அந்த மனுசி பிள்ளைக்குச் சளி பிடிக்கிற மாதிரி ஒரு வாளி முழுக்க ஊத்தி விட்டுது."

"ஒரு கிழமை காய்ச்சல்" என்றாள் லக்சனா.

முதலில் சிரித்தது வரதராசாதான். பிறகு யோகமலர், அழுதுகொண்டே. மனோரஞ்சிதத்துக்கும் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து மூக்கை அடைத்தது. குணசேகரம் சிரிக்கவில்லை. தோளில் கிடந்த துவாயால் முகத்தை அழுத்தித் துடைத்தான்.

"என்னட்டைச் சொல்லியிருக்கலாமே அக்கா" என்றான். "ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா, நான் விமானம் ஏறி வந்து கூட்டிக்கொண்டு வந்திருப்பன்."

"தெரியும். இப்ப தெரியும்."

லக்சனா தகப்பனின் முழங்கையை இடித்துப் பிரெஞ்சில் ஏதோ சொன்னாள். சொல்லுங்கள், இப்பவே சொல்லுங்கள் என்கிற மாதிரி இருந்தது. குணசேகரம் செருமினான். தொலைபேசிக்குப் பின்னால் இவ்வளவு காலமும் கேட்ட அதே செருமல், இப்போது இரண்டு அடி தூரத்தில்.

"மே மாசம் பதினேழு, சனிக்கிழமை. லக்சனாவின்ரை கலியாணத்துக்கு நாள் வைச்சாச்சு. உங்களுக்குச் சொல்லுறதோ விடுறதோ எண்டு மூண்டு மாசமா இவளோடை சண்டை. இப்ப சொல்லிப்போட்டன். ஆராத்தி நீங்கள்தான் எடுக்கிறது." மண்டபத்தை ஒரு சுற்றுப் பார்த்தான். "இதிலை ஆருக்கும் ஏதும் கதை இருந்தா, இப்பவே எழும்பி வெளியிலை போய்க் கதைக்கலாம்."

ஒருவரும் எழும்பவில்லை. "நாங்கள் ஏன் எழும்புறம்? இன்னும் தேத்தண்ணி வரேல்லையே" என்றார் வரதராசா.

மனோரஞ்சிதம் தம்பியின் கையைப் பிடித்தாள். அடுத்த கணம் அவளுடைய முகம் மாறியது. கையை விட்டுவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"மே பதினேழோ? ஐயோ! மே பத்தாந் தேதி எனக்கு அலாஸ்காக் கப்பல். பலகணி வைச்ச அறை. பனிமலை பாக்கிற ரெண்டு கிழமைப் பயணம்."

இருபத்திரண்டு பேரும் மூச்சை இழுத்துப் பிடித்தார்கள். குணசேகரம் துவாயை மறுபடி தோளில் போட்டுக்கொண்டு, அவள் என்ன செய்யப்போகிறாள் என்று பார்த்துக்கொண்டு நின்றான். மனோரஞ்சிதம் கைப்பைக்குள் கைவிட்டுத் துழாவி, தொலைபேசியை எடுத்து, மூக்குக்கண்ணாடியைப் போட்டு, இலக்கத்தைத் தேடி அழுத்தினாள். எல்லாரும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியைப் போட்டு, போனை மேசை நடுவில் வைத்தாள்.

"இருபத்துநாலு மணித்தியாலமும் எடுக்கிற இலக்கம் எண்டு பாத்து வைச்சிருக்க வேணும்" என்றாள் ரோசாலியைப் பார்த்து. "இதையும் எழுதுங்கோ."

காத்திருக்கச் சொல்லிப் பாட்டுப் போட்டார்கள். லாச்சப்பல் கடையொன்றில், மதியம் இரண்டே முக்காலுக்கு, வெள்ளைக்காரப் பியானோச் சத்தத்தை இத்தனை பேர் இவ்வளவு பயபக்தியோடு கேட்டது அதுதான் முதல் தடவையாக இருக்க வேண்டும். பாட்டு நின்று, ஒரு பெண் வந்தாள். பெயர், பிறந்த திகதி, பயண இலக்கம் எல்லாம் கேட்டாள். ரத்துச் செய்தால் முற்பணம் திரும்ப வராது, சம்மதமா என்றாள். சம்மதம் என்றாள் மனோரஞ்சிதம். நல்ல அறை, இனி அப்படி ஒன்று கிடைப்பது கஷ்டம், வேண்டுமென்றால் இரண்டு நாள் யோசித்துவிட்டு எடுக்கலாமே என்று அந்தப் பெண் பரிதாபப்பட்டாள். யோசிக்க ஒன்றுமில்லை என்றாள் மனோரஞ்சிதம்.

"அப்படியானால், ரத்துச் செய்வதற்கான காரணம்?" என்று கேட்டது குரல். "பதிவு செய்ய வேண்டும்."

மனோரஞ்சிதம் வாயைத் திறக்குமுன், குணசேகரம் மேசையில் கையை ஊன்றிக் குனிந்து, போனுக்கு நேரே, கடை முழுக்கக் கேட்கிற குரலில் தமிழிலேயே சொன்னான்:

"சொல்லுங்கோ அக்கா, எங்கடை வீட்டிலை கலியாணம், மாமி இல்லாட்டி அது நடக்காது எண்டு."

அதை அவள் ஒரு சொல்லும் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னாள்.